திறப்பு உள்ளே, நாங்கள் வெளியே

காருக்குள் திறப்பை விட்டுக் கதவு பூட்டுப்பட்டுவிட்டால் எங்கள் ஆட்கள் முதலில் கூப்பிடுவது மச்சானை. மச்சான் வேலையில் நிற்பார். அவர் தன்னுடைய கூட்டாளி ஒருவரின் நம்பரைத் தருவார். "அவன் முந்தி கராஜில வேலை செய்தவன், அவனுக்குத் தெரியும்." ஒன்றரை மணித்தியாலம் கழித்து அந்தக் கூட்டாளி வந்து இறங்குவார், கையில் உடுப்புக் கொழுவும் கம்பியோடு. அதற்குள் பிளாசாவில் மரக்கறி வாங்க வந்த நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை நான் நக்கலடிக்கவில்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவில் வந்து இறங்கியவர்களுக்கு மச்சானை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், கையில் காசு இருக்காது, இங்கத்தைய நடைமுறை தெரியாது. அன்றைய கார்களும் அதற்கு இடம் கொடுத்தன. கதவின் மேல்விளிம்பில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியை வளைத்து உள்ளே விட்டு அதைத் தூக்கினால் போதும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் அந்தக் குமிழ் இல்லை. கதவுக்குள் வயர்கள் ஓடுகின்றன. பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை சம்பந்தமான உணரிகளும் வயர்களும் அங்கேதான். கம்பியை விட்டுக் கிண்டினால் கதவு திறக்கிறதோ இல்லையோ, கண்ணாடி ஓரத்து ரப்பர் கிழியும். பிறகு நெடுஞ்சாலையில் ஓடும்போது காற்று ஊளையிடும். தண்ணீர் உள்ளே இறங்கி மாசிக் குளிரில் உறைந்து கதவே ஒட்டிக்கொள்ளும். காசில்லாமல் திறந்த கதவுக்கு கராஜில் காசு கட்ட வேண்டி வரும்.

ஆகவே தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் யார் தொழில் தெரிந்தவர், யார் எங்கள் அவசரத்தை வைத்துப் பிழைப்பவர் என்பதைப் பிரித்தறிவது இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் லேசான காரியம் அல்ல. அதற்கு வர முன்னர் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அதில் தாமதத்துக்கு இடமில்லை.

போன வருடம் யூலை மாதம், மார்க்கத்தில் ஒரு பிளாசா. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு ஐயா, பிள்ளையைப் பின் ஆசனத்தில் பட்டி போட்டு இருத்திவிட்டு, அழாமல் இருக்கட்டும் என்று ரிமோட்டை அதன் கையில் கொடுத்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் நடந்து வருவதற்குள் பிள்ளை பொத்தானை அமத்திவிட்டது. ஐயா மகளுக்குப் போன் எடுத்தார். மகள் மருமகனுக்கு எடுத்தார். மருமகன் மற்றத் திறப்போடு மிசிசாகாவிலிருந்து வெளிக்கிட்டார். மிசிசாகாவிலிருந்து மார்க்கத்துக்குப் பின்னேர நெரிசலில் எவ்வளவு நேரம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண்மணி யாரையும் கேட்காமல் 911ஐ அழைத்தார். தீயணைப்பு வண்டி வந்தது, சில நிமிடங்களில் கதவு திறந்தது, வேர்த்துக் குளித்திருந்த பிள்ளை வெளியே வந்தது. ஐயா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுக்கு எவ்வளவு காசு வரும்?" அவர்கள் காசு கேட்கவில்லை.

வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளையின் உடல் பெரியவர்களுடையதைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். வெளியே 25 பாகை என்றால் எங்களுக்கு அது "நல்ல வெதர்". பூட்டிய காருக்குள் இருக்கும் பிள்ளைக்கு அப்படியில்லை. ஆகவே உள்ளே பிள்ளையோ, தானாக வெளியே வர முடியாத முதியவரோ இருந்தால் மச்சானும் வேண்டாம், லொக்ஸ்மித்தும் வேண்டாம். நேரே 911. ஆங்கிலம் வராவிட்டாலும் "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பிள்ளை சோர்ந்து, கூப்பிட்டும் அசையாமல் போனால், உதவி வரும்வரை காத்திராமல் பிள்ளை இருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை அதன் மூலையில் அடித்து உடைக்க வேண்டியதுதான். முன் கண்ணாடியில் மினக்கெட வேண்டாம், அது இரண்டு தாள் ஒட்டியது, இலேசில் வழிவிடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இதை ஒருமுறையாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? டிம் ஹோர்ட்டன்ஸில் டபுள் டபுள் கேட்கப் பழக்கியிருக்கிறோம்.

இனி, உள்ளே ஆரும் இல்லை, வெறும் திறப்பு மட்டும்தான் என்ற சங்கதிக்கு வருவோம்.

போனில் தேடினால் முதலில் வருவது விளம்பரம். 19 டொலர், 29 டொலர், 15 நிமிடத்தில் வருவோம், 24 மணி நேரமும் சேவை. ஸ்காபரோ முகவரி ஒன்றும் போட்டிருக்கும். அழைத்தால் எடுப்பவர் கடையின் பெயரைச் சொல்ல மாட்டார், பொதுவாக "லொக்ஸ்மித் சேர்விஸ்" என்பார். அவர் இருப்பது ஸ்காபரோவில் அல்ல, எங்கோ ஒரு அழைப்பு மையத்தில். அங்கிருந்து தரகுக்கு வேலை செய்யும் ஒருவரை அனுப்புவார்கள். வருபவரின் வானில் பெயர் இராது, உடுப்பிலும் இராது. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இது ஹை செக்கியூரிட்டி பூட்டு" என்பார். 29 டொலர் என்பது வந்து பார்ப்பதற்கு மட்டும், திறப்பதற்கு வேறு.

இந்தத் தை மாதம் ஸ்காபரோவில் என் கண் முன்னாலேயே இது நடந்தது. குளிர் மறை 17. படிக்க வந்து ஆறு மாதமாகாத ஒரு பிள்ளை, இரவு வேலை முடிந்து நிற்கிறாள். வந்தவர் 310 டொலர் கேட்டார், காசாக. கதவைத் திறந்தது நாலு நிமிடத்தில். "29 எண்டுதானே சொன்னவை" என்று அவள் தமிழிலேயே என்னிடம் முறையிட்டாள். அவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, காசு தந்தால்தான் தருவேன் என்று நின்றார். பொலிஸைக் கூப்பிடுவோம் என்று நாங்கள் இரண்டு பேர் சொன்ன பிறகு 120க்கு இறங்கினார். பற்றுச்சீட்டு தரவில்லை. 310இலிருந்து 120க்கு ஒரு நிமிடத்தில் இறங்கக்கூடிய விலை என்ன விலை என்று நீங்களே யோசியுங்கள்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. போலி முகவரியோடு வரைபடத்தில் ஏறும் கடைகள் பெருகிப்போய், 2025 மார்ச்சில் கூகுள் நிறுவனமே வழக்குப் போட்டது. டெக்சாஸில் தன் கடையின் பெயரை யாரோ போட்டு நடத்துகிறார்கள் என்று ஒரு லொக்ஸ்மித் செய்த முறைப்பாட்டைப் பிடித்துக்கொண்டு போனபோது 10,000க்கும் மேற்பட்ட போலிப் பதிவுகள் அகப்பட்டன. தேடலில் மேலே வருவதால் ஒரு கடை நல்ல கடை ஆகிவிடாது.

அப்போ நல்ல ஆளை எப்படி அடையாளம் காண்பது? எனக்குப் பழக்கமான ஒருவர் பத்து வருடத்துக்கு மேலாகக் கார்ப் பூட்டு வேலை செய்கிறார். தமிழர். அவரோடு இரண்டு மாலை நேரம் வானில் சுற்றினேன். அவர் போனை எடுத்ததும் முதலில் கேட்பது கார் எந்த வருடம், என்ன மொடல், திறப்பு உள்ளே கிடக்கிறதா அல்லது தொலைந்தே போய்விட்டதா என்பதை. இந்த மூன்றையும் கேட்காமல் விலை சொல்பவர் விலை சொல்லவில்லை, தூண்டில் போடுகிறார். பிறகு வரியோடு மொத்தமாக ஒரு தொகை சொல்வார், அதையே குறுஞ்செய்தியிலும் அனுப்புவார். நேரில் போனதும் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டார். காரின் பதிவுப் பத்திரம் உள்ளே கிடக்கிறது என்றால் திறந்தவுடன் அதை எடுத்துப் பெயரைச் சரிபார்த்த பிறகுதான் திறப்பைக் கொடுத்தார். ஒரு பெரியவருக்கு இதில் கோபம் வந்துவிட்டது. "என்ர காரை நான் களவெடுக்கிறனோ?" இவர் சிரித்துக்கொண்டு, "ஐயா, நாளைக்கு வேற ஒருத்தன் உங்கட காருக்குப் பக்கத்தில நிண்டு என்னைக் கூப்பிட்டால் அவனுக்கும் திறந்து விடவோ?" என்றார். பெரியவர் அடங்கிப்போனார். கார்க் களவு இவ்வளவு நடக்கிற ஊரில், அடையாளம் கேட்காமல் கதவைத் திறந்துவிடும் ஆளைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

வேலை என்னவோ பார்க்கப் பார்க்க ஆச்சரியம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றுவார்களே, அதைப்போல ஒரு தட்டைக் காற்றுப் பை. அதைக் கதவின் மேல் இடுக்கில் செருகி மெல்ல ஊதுகிறார். கதவுச் சட்டம் ஒரு விரல் அகலம்கூட விலகவில்லை. அந்த நீக்கலால் நுனியில் ரப்பர் போட்ட நீண்ட கம்பியை விட்டு உள்ளே இருக்கும் பொத்தானை அமத்துகிறார். இன்னொரு காருக்குக் காற்றுப் பையே எடுக்கவில்லை. லீஷி என்று ஒரு சீனக் கருவி, திறப்பு மாதிரியே இருக்கும். சாரதிக் கதவின் துளைக்குள் அதை விட்டுக் காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றார், பூட்டுக்குள் இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றாக இணங்கின, கதவு திறந்தது. ஒரு கீறல் இல்லை. "துளை போட வேணும் எண்டு ஆரும் சொன்னால் அந்த இடத்திலேயே ஆளை அனுப்பிப் போடுங்கோ" என்றார். கார்க் கதவைத் திறக்கத் துளை போட வேண்டிய தேவை அவ்வளவு அரிது.

அவர் சொன்ன இன்னொன்று அவருக்கே நட்டமானது. அவரைக் கூப்பிடுபவர்களில் சிலருக்கு அவர் தேவையே இல்லை. பொத்தானை அமத்தி ஓடும் கார்களில் ரிமோட்டின் பற்றரி குளிருக்குச் சோர்ந்துபோனால் கதவு திறக்காது. ஆட்கள் கார் பூட்டுப்பட்டுவிட்டது என்று பதறுகிறார்கள். கையில் இருக்கும் அந்த ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கிறது, இழுத்தால் வரும். சாரதிக் கதவின் கைபிடியில் ஒரு மூடிக்குப் பின்னால் துளை இருக்கும். உள்ளே ஏறியதும் பல கார்களில் ரிமோட்டையே தொடக்கும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் கார் ஸ்டார்ட் ஆகும். காரோடு வந்த கையேட்டில் இதெல்லாம் படம் போட்டிருக்கிறது. அந்தக் கையேடும் காருக்குள்தான் கிடக்கும் என்பது வேறு விசயம், ஆகவே இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தெருவில் நின்று ஆளைத் தேடுவதைவிட முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைப்பது மேல். கனடாவில் சிஏஏ 1913இலிருந்து இருக்கிறது. போனில் நட்சத்திரக் குறியோடு 222 அடித்தால் எடுப்பார்கள். அங்கத்துவம் காருக்கு அல்ல, ஆளுக்கு. மச்சானின் காரில் போய் மாட்டிக்கொண்டாலும் உங்கள் அட்டை செல்லும். ஜெர்மனியில் ஏடிஏசி, சுவிஸில் டிசிஎஸ், நோர்வேயில் என்ஏஎஃப், பிரித்தானியாவில் ஏஏ, ஆர்ஏசி என்று எங்கள் ஆட்கள் இருக்கும் நாடுகளில் எல்லாம் இப்படி ஒன்று உண்டு. வருடக் கட்டணம் கட்ட மனமில்லையென்றால், உங்கள் கார்க் காப்புறுதியையும் கிரெடிட் கார்ட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். வீதி உதவி ஏற்கெனவே அதற்குள் இருக்கக்கூடும். புதுக் கார் என்றால் தயாரித்த கம்பனியே சில வருடங்களுக்குக் கொடுத்திருக்கும். போன் செயலியில் இருந்தே கதவைத் திறக்கும் வசதி பல புதுக் கார்களில் உண்டு, சந்தா முடிந்திருக்காவிட்டால். நாங்கள் இதற்கெல்லாம் காசு கட்டிவிட்டு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் 29 டொலர் விளம்பரத்தைத் தேடுகிறோம்.

ஆனால் நடைமுறையில் போனும் பேர்சும் திறப்போடு சேர்ந்து உள்ளேதான் கிடக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் போன் வாங்கலாம், யாருடைய நம்பர் ஞாபகம் இருக்கிறது? என்னுடைய அம்மாவுக்கு ஊரில் எங்கள் தெருவில் எத்தனையாம் வளவு யாருடையது என்று வரிசையாகச் சொல்லத் தெரியும், அவவின் பேரப்பிள்ளைக்குத் தன் தகப்பனின் நம்பர் தெரியாது. ஒரே ஒரு நம்பரைப் பாடமாக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணி விட்டுச் சூடாகட்டும் என்று இறங்கும்போது வீட்டுத் திறப்பும் அதே கொத்தில் இருந்தால், மறை 20இல் வீடும் இல்லை காரும் இல்லை. இரண்டையும் ஒரே வளையத்தில் கோப்பதை விட்டால் அரைவாசிப் பிரச்சினை போய்விடும்.

திறப்பு உள்ளே கிடப்பது ஒரு பிரச்சினை, தொலைந்துபோவது வேறு பிரச்சினை. இதை எங்கள் ஆட்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். 2007 செப்டெம்பர் 1இலிருந்து கனடாவில் விற்கும் புதுக் கார்களில் களவுத் தடுப்புக் கருவி கட்டாயம். திறப்புக்குள் ஒரு சிப் இருக்கும், காரின் கணினி அதை அடையாளம் கண்டால்தான் இயந்திரம் ஓடும். ஆகவே இரும்பை மட்டும் வெட்டி வேலை இல்லை, புரோகிராம் பண்ண வேண்டும். டீலரிடம் போவதென்றால் காரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நல்ல கார் லொக்ஸ்மித் நிற்கும் இடத்துக்கே வந்து செய்வார், பெரும்பாலும் விலையும் குறைவு. கையில் ஒரு திறப்பு இருக்கும்போது இரண்டாவதைச் செய்வதற்கும், ஒன்றுமே இல்லாதபோது முதலிலிருந்து செய்வதற்கும் காசில் பெரிய வித்தியாசம். பழைய கார் வாங்கும்போது ஒரு திறப்பைத் தந்து "மற்றது பிறகு தாறன்" என்று சொல்பவரிடம் அந்த நேரமே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த மற்றது வரவே வராது. வாங்கிய பிறகு, காரின் ஞாபகத்தில் இருக்கும் பழைய திறப்புகளை அழித்துவிடச் சொல்லலாம். எங்கோ ஒரு அறிமுகமில்லாத ஆளின் லாச்சியில் உங்கள் காரை ஓட்டக்கூடிய திறப்பு கிடக்க வேண்டியதில்லையே.

இவ்வளவையும் தனித்தனி மனிதர்களின் கவனத்தில் விட்டுவிட்டு அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அல்பேர்ட்டாவில் லொக்ஸ்மித்துக்கு மாகாண உரிமம் வேண்டும். பூட்டிய காரைத் திறந்துவிடும் வேலையை மட்டும் செய்பவருக்கும் அங்கே தனி உரிமம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் உரிமம் கட்டாயம். ஒன்ராறியோவில் காவலாளி வேலைக்கு உரிமம் கேட்கிறார்கள், எங்கள் பெடியள் எத்தனை பேர் அதற்குப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் காரையும் வீட்டையும் திறக்கத் தெரிந்தவருக்கு மாகாண உரிமம் எதுவும் தேவையில்லை. ஒரு வானும் கொஞ்சம் கருவிகளும் வாங்கினால் நாளைக்கே தொடங்கலாம்.

முடியாத காரியம் என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இழுவை வண்டி விசயத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2020 அளவில் ரொறன்ரோப் பகுதியில் இழுவை வண்டிக்காரருக்குள் வண்டிகளை எரிக்கும் அளவுக்குச் சண்டை முற்றிய பிறகு, 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 சனவரி 1இலிருந்து இழுவைக் கம்பனிகளுக்கும் அந்த வருடம் யூலை 1இலிருந்து சாரதிகளுக்கும் மாகாணச் சான்றிதழ் கட்டாயம். விலையை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும், உங்கள் சம்மதம் இல்லாமல் இழுக்கக் கூடாது, கார்ட்டில் காசு வாங்க மறுக்கக் கூடாது, விபரமான பற்றுச்சீட்டு தர வேண்டும். இதே நாலு விதியை லொக்ஸ்மித்துக்கும் போட்டால் அந்த மாணவி 310 டொலர் கேட்கப்பட்டு நிற்க வேண்டி வந்திருக்காது. இன்றைய நிலையில் எங்களுக்கு இருக்கும் பிடி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். ஒப்பந்தத்தில் மதிப்பீடு ஒன்று இருந்தால் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்க முடியாது. ஆனால் அதைக் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும். அதனால்தான் விலையைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள், காசாகக் கொடாமல் கிரெடிட் கார்ட்டில் கட்டுங்கள் என்று அந்தப் பூட்டுக்காரத் தமிழரும் சொல்கிறார். உரிமம் வந்தால் நேர்மையான ஆட்களுக்கு நட்டமா என்று அவரிடம் கேட்டேன். "எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். 29 டொலர்க்காரர் கெடுத்த பேரை நாங்களெல்லே சுமக்கிறம்" என்றார்.

எங்கள் தொகுதிகளில் தமிழ் மாகாண சபை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கும் மரபுத் திங்கள் நிகழ்வுகளுக்கும் மேடையேறுகிறார்கள். அடுத்த முறை பொன்னாடையைப் போர்த்திய கையோடு, லொக்ஸ்மித் உரிமச் சட்டத்தை எப்போது கொண்டுவரப் போகிறீர்கள் என்றும் கேட்டு விடுங்கள்.